கண் விழித்திருக்கிறார், உணர்கிறாரா?
கடும் மூளைக்காயம் அடைந்தோரின் உணர்வுநிலையை அறிவது எப்படி? – குடும்பத்தாருக்கான பாடம்

தீவிர சிகிச்சைப் பிரிவின் வாயிலில் எங்களிடம் கேட்கப்படும் கேள்விகளுள் மிகக் கடினமானது ஒன்று உண்டு. "கண்ணைத் திறந்து பார்க்கிறாருங்க. நாங்க பேசறது அவருக்குத் தெரியுதுங்களா?" என்பதே அது. இக்கேள்விக்கு ஒரே நாளில், ஒரே சோதனையில், ஒற்றைச் சொல்லில் விடை கூற இயலாது. ஆயினும் விடை தேடுவதற்கு முறையான வழி உண்டு. அந்த வழியில் குடும்பத்தாருக்கும் பெரும் பங்கு உண்டு. இவ்விரண்டையும் எளிமையாக விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

எடுத்துக்காட்டுக்காக ஒரு குடும்பத்தை நினைத்துக்கொள்வோம். இவர்கள் எவரும் உண்மை மனிதர் அல்லர். ஆனால் இவர்கள் படும் பாடு உண்மையானது. பல்லடம் பக்கத்தில் விசைத்தறி ஓட்டும் ஐம்பது வயதுக்காரர் ஒருவர் இரவுப் பணி முடிந்து இருசக்கர வாகனத்தில் திரும்புகையில் விழுந்துவிட்டார். தலைக்கவசம் அணிந்திருக்கவில்லை. அறுவை சிகிச்சை நடந்து ஐந்து வாரங்கள் ஆகிவிட்டன. கழுத்தில் மூச்சுக்குழாய்த் துளையும் மூக்கில் உணவுக்குழாயும் உள்ளன. கண்கள் திறந்திருக்கின்றன. மகள், "அப்பா என்னைப் பார்க்கிறார்" என்கிறாள். அவருடைய தாயார், "கையைக் கொடுத்தால் இறுக்கிப் பிடிக்கிறான் சாமி" என்கிறார். மருத்துவக் குறிப்பேட்டிலோ "உணர்வின் அறிகுறி இல்லை" என்று எழுதப்பட்டுள்ளது. இவர்களுள் யார் கூறுவது சரி?

விழிப்பு வேறு, உணர்வு வேறு

முதலில் இரண்டு சொற்களைப் பிரித்தறிய வேண்டும். விழிப்பு என்பது கண் திறந்திருத்தல். உறங்கி எழும் சுழற்சி இயங்குதல். இதனை மூளைத்தண்டும் அதனைச் சார்ந்த பகுதிகளும் நடத்துகின்றன. உணர்வு என்பது தன்னையும் தன் சூழலையும் அறிதல். இதற்கு மூளையின் மேற்பகுதியாகிய புறணியும், உள்ளே அமைந்த தலாமசும், இவற்றை இணைக்கும் நரம்புப் பாதைகளும் ஒன்றுகூடி இயங்க வேண்டும். வீட்டில் மின்விளக்கு எரிவது ஒன்று. வீட்டினுள் ஆள் இருப்பது மற்றொன்று. விளக்கு எரிவதைக் கொண்டு மட்டும் ஆள் இருக்கிறார் என்று கூற முடியாது. கதவைத் தட்டியும் விடை வரவில்லை என்பதைக் கொண்டு மட்டும் ஆள் இல்லை என்றும் கூற முடியாது.

இவ்வேறுபாட்டின் அடிப்படையில் மருத்துவர்கள் நிலைகளைப் பெயரிட்டு அழைக்கின்றனர்.

ஆழ்மயக்கம், அதாவது கோமா: விழிப்பும் இல்லை, உணர்வும் இல்லை. கண் திறப்பதே இல்லை. உயிர் பிழைப்போரிடம் இந்நிலை பெரும்பாலும் சில வாரங்களுக்கு மேல் நீடிப்பதில்லை. அதன்பின் கண் திறக்கிறது.

விழிப்பிருந்தும் உணர்வு புலப்படாத நிலை: கண் திறக்கிறது, உறக்கமும் விழிப்பும் மாறி மாறி வருகின்றன, மூச்சு தானே நடக்கிறது. ஆனால் அறிந்து செய்யும் செயல் எதுவும் தென்படவில்லை. 1972-ஆம் ஆண்டில் பிரையன் ஜென்னட், ஃபிரெட் பிளம் என்னும் இரு மருத்துவர்கள் இதற்கு இட்ட ஆங்கிலப் பெயர் தமிழில் "தாவர நிலை" என்று வழங்கலாயிற்று. அச்சொல் குடும்பத்தாரைப் புண்படுத்துவதை நாங்கள் அறிவோம். மனிதரைத் தாவரம் என்று சொல்வது தகாது என்று கருதிய மருத்துவர்கள் 2010-இல் மாற்றுப் பெயரொன்றை முன்வைத்தனர். நாங்களும் அப்பொருளிலேயே இங்கு எழுதுகிறோம்.

குறைந்தபட்ச உணர்வுநிலை: உணர்வின் அறிகுறிகள் சிறிதளவே தெரிகின்றன, விட்டு விட்டுத் தெரிகின்றன, ஆனால் ஐயமற உள்ளன. இந்நிலைக்கான வரையறை 2002-இல் வகுக்கப்பட்டது.

பூட்டுண்ட நிலை: உணர்வு பெரும்பாலும் முழுமையாக இருக்கிறது; உடல்தான் அசைவதில்லை. கண்களை மேலும் கீழும் அசைப்பதும் இமைப்பதும் மட்டுமே எஞ்சியிருக்கும். மூளைத்தண்டின் முன்பகுதி பாதிக்கப்படும்போது இது நேர்கிறது. மயக்கம் என்று பிழையாக எண்ணப்படும் அபாயம் இதற்கு மிகுதி. ஆகவேதான் பேசாத எந்த நோயாளியிடமும் "மேலே பாருங்கள், கீழே பாருங்கள்" என்று கேட்டுப் பார்ப்பது அவசியமாகிறது.

மூளைச்சாவு இவற்றுள் எதுவும் அன்று. மூளைச்சாவில் மூளைத்தண்டு உட்பட மூளையின் இயக்கம் மீளா வகையில் நின்றுவிடுகிறது; தானே மூச்சு விட இயலாது; சட்டப்படி அது மரணமே. 1994-ஆம் ஆண்டின் உறுப்பு மாற்றுச் சட்டப்படி, தகுதி பெற்ற மருத்துவர் குழு குறைந்தது 6 மணி நேர இடைவெளியில் இருமுறை சோதித்த பின்னரே அதனைச் சான்றளிக்க முடியும். தானே மூச்சு விட்டுக் கண் திறந்திருப்பவர் மூளைச்சாவு அடைந்தவர் அல்லர். இரண்டையும் குழப்பிக்கொண்டு அஞ்ச வேண்டுவதில்லை.

அளவைகள்

குறிப்பேட்டில் "ஜி.சி.எஸ்." என்று எண்ணுடன் எழுதியிருப்பதைக் கண்டிருப்பீர்கள். அது கிளாஸ்கோ கோமா அளவை; 1974-இல் கிரகாம் டீஸ்டேலும் பிரையன் ஜென்னட்டும் வகுத்தது. கண் திறப்புக்கு 4, பேச்சுக்கு 5, அசைவுக்கு 6 என மொத்தம் 15. மிகக் குறைந்த எண் 3. முதல் நாள்களில் நோயாளி தேறுகிறாரா, இறங்குகிறாரா என்று அறிய இது மிக உதவும். ஆனால் தொண்டையில் குழாய் இருப்பவரின் பேச்சை இதனால் அளக்க இயலாது. மெல்லத் தலைகாட்டும் நுண்ணிய உணர்வையும் இது காட்டாது.

அதற்கென உள்ளது "திருத்திய கோமா மீட்பு அளவை", 2004-இல் வெளியிடப்பட்டது. கேட்டல், காணல், அசைவு, வாயசைவும் குரலும், தொடர்பு கொள்ளல், விழிப்பு என ஆறு பகுதிகளும் 23 மதிப்பெண்களும் உடையது. நோயாளியின் முன் கண்ணாடியை மெல்ல நகர்த்துவது, பொருளைக் காட்டி எடுக்கச் சொல்வது, எளிய கட்டளை இடுவது எனப் பல படிகள் இதில் உண்டு. ஒரே கட்டளை நான்கு முறை தரப்படுகிறது; ஒவ்வொரு முறையும் காத்திருந்து பார்க்கப்படுகிறது.

இவ்வளவு பொறுமை ஏன் என்று கேட்கலாம். பெல்ஜிய நாட்டு மருத்துவர்கள் 2009-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை தருகிறது. உணர்வற்றவர் என்று மருத்துவக் குழு ஒருமித்துக் கருதிய 44 பேரை இவ்வளவையால் சோதித்தபோது, 18 பேரிடம் உணர்வின் அறிகுறிகள் இருந்தன. பத்தில் நான்கு பேர்! அம்மருத்துவர்கள் கவனக்குறைவானவர்கள் அல்லர். படுக்கையருகே நின்று பொதுவாகப் பார்ப்பது போதாது என்பதே இதன் பொருள். மேலும், உணர்வு ஒரே நாளிலும் ஏறி இறங்குகிறது. ஆகையால் இரண்டு வாரங்களுக்குள் குறைந்தது ஐந்து முறையேனும் சோதித்த பின்னரே முடிவுக்கு வருவது நன்று என்று பின்னர் வந்த ஆய்வுகள் கூறுகின்றன.

அருணா ஷான்பாக் தரும் பாடம்

நம் நாட்டில் இக்கேள்வி உச்ச நீதிமன்றம் வரை சென்றது. மும்பை கே.இ.எம். மருத்துவமனையின் செவிலியர் அருணா ஷான்பாக் 1973 நவம்பரில் கொடிய தாக்குதலுக்கு உள்ளாகி, மூளைக்குக் குருதி செல்லாமல் கடும் காயமடைந்தார். அதே மருத்துவமனையின் செவிலியர்கள் அவரைத் தம் உடன்பிறந்தாளைப்போல் பேணினர். அவரை இறக்க விடுமாறு எழுத்தாளர் பிங்கி விரானி தொடுத்த வழக்கில், அவரைச் சோதிக்க மருத்துவர் மூவரை நீதிமன்றம் அமர்த்தியது.

பலர் ஒருசேர அறையினுள் நுழைந்தபோது அருணா உரக்க ஒலியெழுப்பியதையும், கூட்டம் குறைந்ததும் அமைதியுற்றதையும் அம்மருத்துவர்கள் பதிந்தனர். அவருக்கு விருப்பு வெறுப்பு உண்டு என்றும், மீன் உணவை விரும்புவார் என்றும் செவிலியர்கள் கூறினர். உணர்வற்ற நிலையின் பெரும்பாலான கூறுகள் அவரிடம் உள்ளன என்பதே குழுவின் முடிவு. அவர் மூளைச்சாவு அடைந்தவர் அல்லர் என்பதும் தெளிவாயிற்று. 2011 மார்ச் 7 அன்று நீதிமன்றம் அம்மனுவை ஏற்க மறுத்தது. அத்தனை ஆண்டுகளில் படுக்கைப்புண் ஒன்றுகூட வராமல் காத்த செவிலியரைத் தீர்ப்பு பாராட்டியது. 2015 மே 18 அன்று நுரையீரல் அழற்சியால் அருணா இயற்கை எய்தினார்.

இதிலிருந்து நாம் கற்பது யாது? நாள்தோறும் உடனிருப்போர் காண்பது ஒன்று. ஒருமுறை வந்து சோதிப்போர் காண்பது ஒன்று. இரண்டும் மதிப்புடையவை, இரண்டும் தனித்து நின்றால் குறையுடையவை. அன்பு மிகுந்த கண், இல்லாததையும் காணக்கூடும். அவசரக் கண், இருப்பதையும் தவறவிடக்கூடும். இரண்டையும் இணைக்கும் பாலமே முறையான பதிவு.

எது அனிச்சை? எது அறிந்த செயல்?

கண் திறத்தல், இமைத்தல், கொட்டாவி விடுதல், பல்லைக் கடித்தல், முனகுதல், காரணமின்றிக் கண்ணீர் வருதல் அல்லது முகம் மலர்தல், உள்ளங்கையில் பட்டதை இறுகப் பற்றுதல் ஆகியவை உணர்வின்றியும் நிகழக்கூடிய அனிச்சைச் செயல்கள். பிறந்த குழந்தை நம் விரலைப் பற்றிக்கொள்வது போன்றதே கடைசியாகக் கூறியது.

ஒரு முகத்தையோ பொருளையோ நிலைத்து நோக்குதல், அது நகர்கையில் கண்ணால் பின்தொடர்தல், வலிக்கும் இடத்தை நோக்கிக் கையைக் கொண்டுபோதல், சொன்னபடி செய்தல், பேரக்குழந்தையின் குரலுக்கு மட்டும் முகம் மலர்தல், பொருளைப் பயன்படுத்த முயலுதல் ஆகியவை உணர்வை நோக்கிச் சுட்டுவன. கண்ணால் பின்தொடர்தலே பலரிடம் முதலில் திரும்பும் அறிகுறி. மற்ற பொருள்களைவிடக் கண்ணாடியில் தெரியும் தம் முகத்தையே நோயாளிகள் எளிதில் பின்தொடர்கின்றனர்.

உணர்வை மறைக்கும் திரைகள்

விடை வரவில்லை என்றால், முதலில் தடை எது என்று தேட வேண்டும். மயக்க மருந்துகள், வெளியே தெரியாத வலிப்பு, காய்ச்சலும் கிருமித்தொற்றும், சோடியம் அல்லது சர்க்கரை அளவின் மாறுபாடு, மூளையில் நீர் தேங்குதல், தீராத வலி, மலச்சிக்கல் ஆகிய அனைத்தும் உணர்வை மறைக்கும். இவற்றுட் பல சரிசெய்யத்தக்கவை. செவிக்கருவியோ மூக்குக்கண்ணாடியோ முன்பு அணிந்தவராயின் அதனைக் கொண்டுவந்து தாருங்கள். வாதத்தால் கை அசையாதவரிடம் "கையைத் தூக்குங்கள்" என்று கேட்பதில் பயனில்லை என்பதையும் நினைவிற் கொள்க.

எங்கள் பகுதியில் மற்றொரு திரையும் உண்டு, அது மொழி. கோவையிலும் திருப்பூரிலும் வீட்டுக்குள் தெலுங்கோ கன்னடமோ மலையாளமோ பேசுவோர் பலர். பின்னலாடை ஆலைகளில் பணிபுரியும் வடமாநிலத்தார் இந்தி, ஒடியா, வங்க மொழிகளைப் பேசுகின்றனர். காயமுற்ற மூளைக்குத் தாய்மொழியே எளிது. கட்டளை அம்மொழியில் இருத்தல் வேண்டும். அவ்வாறே பெயரும். மருத்துவமனைக் கோப்பில் உள்ள பெயரால் அவரை வீட்டில் எவரும் அழைத்திருக்கமாட்டார்கள். "அப்புனு" என்றோ "அம்மிணி" என்றோ அழைக்கப்பட்டவர் அச்சொல்லுக்கே திரும்பக்கூடும். வீட்டு மொழியையும் அழைக்கும் பெயரையும் முதல் நாளிலேயே செவிலியரிடம் தெரிவியுங்கள்.

ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள்

குடும்பத்தார் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள உதவி இதுவே. கீழ்வரும் முறையைப் பின்பற்றுங்கள்.

1. நோயாளி உறங்கி எழுந்து, சாய்ந்து அமர்த்தப்பட்டிருக்கும் வேளையைத் தேர்க. உணவு செலுத்தியவுடனோ இயன்முறைப் பயிற்சி முடிந்தவுடனோ வேண்டாம்.

2. தொலைக்காட்சியையும் அலைபேசியையும் அணைத்துவிடுக. ஒருவர் மட்டும் பேசுக.

3. முதலில் ஒரு நிமிடம் எதுவும் சொல்லாமல் பார்த்திருங்கள். கை எத்தனை முறை தானே அசைகிறது என்று எண்ணி எழுதுங்கள். இது மிக முக்கியம். தானே அசையும் கை, நாம் சொன்னபோதும் தற்செயலாக அசையக்கூடும்.

4. பின்னர் ஓர் எளிய கட்டளையை நான்கு முறை கூறுங்கள். ஒவ்வொரு முறையும் பத்துப் பதினைந்து நொடி காத்திருங்கள். அவர் கையைத் தொட்டுக்கொண்டு கேட்க வேண்டாம். தொடுதலே அனிச்சையைத் தூண்டும்.

5. நாள், நேரம், சொன்ன சொல், நிகழ்ந்தது, நான்கில் எத்தனை முறை என்று எழுதுக. ஒன்றும் நிகழாத நாளையும் எழுதுக. நல்ல நாள்களை மட்டும் எழுதினால் ஏடு பொய் சொல்லும்.

6. கிள்ளியோ வலி உண்டாக்கியோ ஒருபோதும் சோதிக்க வேண்டாம். பத்து நிமிடத்துக்கு மேல் தொடர வேண்டாம். ஓய்வும் மருந்தே.

நம் தறிக்காரரின் குடும்பம் இவ்வாறு இரண்டு வாரங்கள் எழுதியது எனக் கொள்வோம். பாட்டியின் கையை அவர் இறுக்கியது, கேட்டபோதும் கேளாதபோதும் ஒரே அளவில் இருந்தது. விரலை எடுத்தால் கை அசையவில்லை. அது அனிச்சைப் பிடியே. இதனை ஏற்பது அத்தாய்க்கு எளிதன்று. ஆனால் மகள் கண்ணாடியை இடமிருந்து வலமாக நகர்த்தியபோது, பல நாள்களில் நான்கில் மூன்று முறை அவர் கண்கள் தொடர்ந்தன. ஏட்டைக் கண்ட மருத்துவக் குழு அளவையால் மீண்டும் சோதித்தது. "குறைந்தபட்ச உணர்வுநிலை" என்று குறிப்பு மாற்றி எழுதப்பட்டது. தாயும் மகளும் ஒரே அன்புடன்தான் பார்த்தனர். ஏடுதான் இரண்டையும் வேறுபடுத்தியது.

குறிப்பு மாறுவதால் யாது பயன்? வலி நீக்கும் மருந்து இன்னும் கவனமாகத் தரப்படும். அவர் கேட்கக்கூடும் என்பதால் படுக்கையருகே பேசும் பேச்சு மாறும். பயிற்சியின் இலக்கு மாறும். குடும்பத்தின் முடிவுகளும் மாறக்கூடும். இந்நிலையில் உள்ளோர், எந்த அறிகுறியும் இல்லாதோரைவிட மேலும் தேற வாய்ப்பு மிகுதி. எனினும் எவ்வளவு தேறுவார் என்று உறுதி கூற எவராலும் இயலாது.

கருவிகள் காட்டுவதும் காட்டாததும்

2006-இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் ஏட்ரியன் ஓவன் குழுவினர், சாலை விபத்துக்குப்பின் எவ்வகையிலும் விடை தராத 23 வயதுப் பெண்ணை எம்.ஆர்.ஐ. கருவியில் வைத்து, டென்னிஸ் ஆடுவதாகவும் தம் வீட்டினுள் நடப்பதாகவும் எண்ணிப்பார்க்கச் சொன்னார்கள். நலமாயுள்ளோரின் மூளை இயங்குவதுபோலவே அவர் மூளையும் இயங்கியது. 2024-இல் பல நாட்டு மருத்துவமனைகள் சேர்ந்து வெளியிட்ட ஆய்வில், கட்டளைக்கு வெளிப்படையாக விடை தராத 241 பேருள் 60 பேர், அதாவது நால்வரில் ஒருவர், எம்.ஆர்.ஐ. அல்லது இ.இ.ஜி. வழியாகக் கட்டளையைப் பின்பற்றியது தெரியவந்தது.

இச்சோதனைகள் சிறப்பு ஆய்வு மையங்களிலேயே நடக்கின்றன, வழக்கமான எம்.ஆர்.ஐ., இ.இ.ஜி. பதிவுகள் இவ்விடையைத் தாரா. கருவியில் விடை வராததும் உணர்வு இல்லை என்பதற்குச் சான்று ஆகாது. ஆயினும் இவ்வாய்வுகள் நம் அனைவருக்கும் ஒரு கடமையைக் கற்பிக்கின்றன: விடை தராத எவர் முன்னும், அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்றே எண்ணிப் பேச வேண்டும். சிகிச்சைச் செலவு, சொத்துப் பங்கீடு, "இனித் தேறமாட்டார்" என்னும் பேச்சு ஆகியவை படுக்கையருகே வேண்டாம்.

காலமும் முடிவும்

அடிபட்ட முதல் 28 நாள்களில் "எல்லாம் முடிந்தது" என்று பொதுப்படக் கூறலாகாது என அமெரிக்க நரம்பியல் கழகம் 2018-இல் வெளியிட்ட வழிகாட்டல் அறிவுறுத்துகிறது. விபத்தால் நேர்ந்த காயத்துக்கு ஓராண்டும், இதயம் நின்று மூளைக்கு உயிர்க்காற்று குறைந்ததுபோன்ற பிற காரணங்களுக்கு மூன்று மாதங்களும் கடந்த பின்னரே உணர்வற்ற நிலையை நாள்பட்டது என்கின்றனர். அதன்பின்னும் தேறியோர் உளர், ஆனால் சிலரே. அமன்டடின் என்னும் மருந்து, விபத்தில் காயமுற்ற 184 பேரிடம் நடந்த ஆய்வில் தேறுதலை விரைவுபடுத்தியது. அது எல்லோருக்கும் பொருந்துவதன்று, மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

மீட்சிக்கு வழியில்லை என்று தெளிவான பின், உயிர்காக்கும் கருவிகளைத் தொடர்வதா என்ற கேள்வி எழக்கூடும். இதற்கு உச்ச நீதிமன்றம் 2018-இல் வழிமுறை வகுத்து, 2023-இல் அதனை எளிதாக்கியது. மருத்துவமனையின் இரண்டு மருத்துவக் குழுக்கள் ஆராய்ந்தே முடிவு செய்யும். குடும்பத்தார் மட்டுமோ ஒரு மருத்துவர் மட்டுமோ முடிவு செய்வதன்று. இவ்வாறு கேட்பது அன்பின்மை ஆகாது. தொடர்ந்து பேணுவதும் அறியாமை ஆகாது.

வீடு திரும்பியோருக்கு இயன்முறைப் பயிற்சியும் வலிதணிப்புப் பேணலும் தேவைப்படும். 2021-இல் தொடங்கப்பட்ட "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் இவ்விரண்டும் இல்லம் தேடி வருகின்றன. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு செய்துகொள்ளுங்கள்.

அடுத்தமுறை மருத்துவரைக் காணும்போது இந்நான்கு கேள்விகளைக் கேளுங்கள்: எந்த அளவையால் சோதித்தீர்கள்? எத்தனை முறை? மறைக்கும் தடைகள் நீக்கப்பட்டனவா? மறுபடி எப்போது சோதிப்பீர்கள்? இவற்றைக் கேட்பது உங்கள் உரிமை. விடை கூறுவது எங்கள் கடமை.

பேணுவோரே, உங்கள் உணவையும் உறக்கத்தையும் மறவாதீர்கள். இரவில் ஒருவர், பகலில் ஒருவர் என முறை வைத்துக்கொள்ளுங்கள். வரும்போது அந்த நோட்டுப் புத்தகத்தையும் கையோடு கொண்டுவாருங்கள். அதனை எங்கள் குறிப்பேட்டின் பக்கத்தில் வைத்தே நாங்கள் படிப்போம்.